அக்காவை யாரும் கேட்கவில்லை

அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்த நீங்கள் அன்று என்னைத் தேடினீர்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை, அவளையும் காணோமே என்று பந்தலில் பேச்சு வந்ததாம். என் கணவர் மட்டும் வந்து நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் "மகளுக்குப் பிரசவம்" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். ஆனாலும் முழுப் பதில் அது இல்லை. நீங்கள் யாரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. நம் வழக்கப்படி மரியாதைக்காகக் கேட்காமல் விட்டீர்கள். ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தரும்போது, அக்காவின் வாழ்க்கையைச் சொல்லாமல் நான் வராததைச் சொல்ல முடியாது என்று தெரிகிறது. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

அக்கா பிறந்தது கணியூரில். அமராவதி வாய்க்கால் தண்ணீர் பாயும் தோட்டம் எங்களுடையது. கரும்பும் நெல்லும் மாறி மாறி இருக்கும். எனக்கு விவரம் தெரியும் வயதில் அக்கா பாவாடை தாவணியில் இருந்தார். என் தலையைச் சீவி விட்டது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, கணக்கு சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். பன்னிரண்டாம் வகுப்போடு அவரை நிறுத்தியபோது, "என்னை நிறுத்திட்டீங்க, சரி. இவளை நிறுத்துனா நான் சோறு திங்க மாட்டன்" என்று அப்பாவிடம் சொன்னவர். நான் கல்லூரிக்குப் போனது அப்படித்தான். இன்று ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கப்பல் ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன் என்றால் அது அக்கா சாப்பிட மறுத்த ஒரு மதிய வேளையின் பலன்.

அவரைச் சாமளாபுரத்தில் கொடுத்தோம். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. தறிச் சத்தத்துக்கு நடுவில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்த வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். ஆனால் மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. "தண்ணி வேணுங்களா" என்பதைக்கூடக் கத்தித்தான் கேட்பார்கள் என்று அக்கா சிரிப்பார். அக்காவின் கணவர், எனக்கு மச்சான், அமைதியானவர். அக்காவின் மாமனார் ஊரே மதிக்கும் மனிதர்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அக்காவின் வயிறு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. எங்களுக்கு அது பெருமை. "யானைக்குட்டி மாதிரி பிறக்கப் போறான்" என்று சித்தப்பா சொன்னார். அத்தைமார் ஆளுக்கொரு தூக்குப் போசியில் பலகாரம் கொண்டு வந்தார்கள். எப்போதும் தாகம் எடுக்கிறது, அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று அக்கா சொன்னபோது, மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அப்படிப் பார்க்கும் வழக்கம் இல்லை. தாய்க்குச் சர்க்கரை கூடினால் குழந்தை பெரிதாக வளர்வது மட்டுமல்ல, அதன் தோள்பட்டையும் உடம்பும் தலையைவிட அகலமாகிப் போகலாம் என்பதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிற்பாடு.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் அக்கா கணியூர் வந்திருந்தார். வலி எடுத்ததும் பக்கத்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சாமளாபுரத்துக்கும் சொல்லி அனுப்பி அவர்களும் வந்துவிட்டார்கள். கல்லூரி விடுமுறையில் இருந்த நான் பிரசவ அறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததிலிருந்து வலி. பிற்பகல் ஆகியும் தலை இறங்கவில்லை. நர்ஸ் வெளியே வந்தார். குழந்தை பெரியதாகத் தெரிகிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் நினைக்கிறார், உங்கள் சம்மதம் வேண்டும் என்றார்.

அப்பா சம்பந்தியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"அதெப்படீங்க? தலைப்பிரசவம் உங்க பொறுப்புங்க. நீங்க சொல்றதுதானுங்க" என்றார் அக்காவின் மாமனார்.

"பொறுப்பு எங்களுதுங்க. புள்ளை உங்க ஊட்டுப் புள்ளைங்க. வயித்துல இருக்கறது உங்க ஊட்டுக் கொழந்தைங்க. நாங்க ஒண்ணு சொல்லி, நாளைக்கு ஒரு சொல்லு வந்தரக் கூடாது பாருங்க."

"நாங்க என்னுங்க சொல்லப் போறோம்? நீங்க பெத்தவங்க. உங்களுக்கு மேல எங்களுக்கு என்னுங்க தெரியும்?"

நர்ஸ் தெற்குப் பக்கத்து அம்மா.  "ரெண்டு பேரும் நல்லவங்கதான், ஒத்துக்கிடுதேன். யாராச்சும் ஒருத்தர் சொல்லிருங்களேன்" என்றார்.

அப்பா மச்சானைக் கேட்டார். மச்சான் தன் அப்பாவைப் பார்த்தார். அவர் மறுபடி என் அப்பாவைப் பார்த்தார். இதற்கிடையில் யாரோ டீ வாங்கி வந்தார்கள். அதையும் "நீங்க மொதல்ல எடுங்க" என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றி நீட்டினார்கள். அந்த டீ ஆறிப் போனது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பேரும் நல்லவர்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்பதிலேயே எல்லோரும் அங்கே மாட்டிக்கொண்டு நின்றோம். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா மாட்டிக்கொண்டு கிடந்தார்.

அவர்கள் பேசி முடிப்பதற்குள் தலை கீழே வந்துவிட்டது. இனி ஆபரேஷனுக்கு நேரமில்லை என்று ஆயுதம் போட்டு எடுத்தார்கள். தலை வெளியே வந்தது, தோள் வரவில்லை. உள்ளே ஓடும் சத்தமும், அக்காவின் காலை மடக்கிப் பிடிக்கச் சொல்லும் சத்தமும், பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு அமைதியும் கேட்டன. அதன்பின் குழந்தை அழுதது. ஆண் குழந்தை, நாலு கிலோவுக்கு மேல். சித்தப்பா சொன்னபடியே என்று யாரோ கை தட்டினார்கள். அவன் வலது கை மட்டும் அசையாமல் உடம்போடு ஒட்டிக் கிடந்ததை முதலில் பார்த்தது அக்காதான். தோளை விடுவிக்கும்போது கைக்குப் போகும் நரம்பு இழுபட்டிருக்கிறது. அதை இழுக்காமல் இருந்திருந்தால் குழந்தையே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அந்த டாக்டர்மீது அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை.

நிறையக் குழந்தைகளுக்குச் சில மாதத்தில் கை சரியாகிவிடும் என்றார்கள். அக்கா மகனுக்கு ஓரளவுதான் திரும்பியது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு அலைந்தார். அலைச்சலுக்கு வசதியாக மச்சானும் அவரும் திருப்பூருக்கே குடிவந்தார்கள். இன்னொரு பிள்ளைக்கு அக்கா சம்மதிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க நீங்க சொல்லுங்கன்னு மறுபடியும் கதவுக்கு வெளியே நிப்பாங்க. என்னால முடியாது" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டும் வேலையில் சேர்ந்து, செக்கிங் போய், பின்னாளில் குழந்தைத் துணிப் பிரிவின் குவாலிட்டி பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைச் சட்டைகளில் கழுத்து எவ்வளவு விரிகிறது என்று இழுத்துப் பார்த்துத்தான் பாஸ் செய்வார்கள். கழுத்து தலையைத் தாண்ட வேண்டும். கைக்குழந்தைச் சட்டைக்குத் தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த கழுத்து வைப்பார்கள், தோள் வழியாகக் கீழேயும் கழற்றலாம். புதிதாகச் சேரும் பெண்கள் தலை நுழைந்தால் போதும் என்று எண்ணிப் பாஸ் செய்துவிடுவார்களாம். "தலை போயிட்டா எல்லாம் போயிரும்னு நானும் நெனச்சிட்டு இருந்தவதான் கண்ணு. தோளுன்னு ஒண்ணு இருக்குது" என்பாராம் அக்கா. அவர்களுக்கு அது துணியைப் பற்றிய பேச்சு.

மகனுக்குச் சட்டை போடும்போது தூக்க முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். என் மகளை வளர்த்ததில் பாதி அக்கா என்பதால் அவளுக்கும் அதே வரிசையில்தான் போட்டு விடுவார். நன்றாக இருக்கிற கைதானே என்று நான் கேட்டால், "பழகிருச்சு விடு" என்பார். என் மகள் இன்றுவரை வலது கையைத்தான் முதலில் நுழைக்கிறாள்.

நாற்பது வயதை நெருங்கும்போது அக்காவுக்குச் சர்க்கரை தெரிந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வர வாய்ப்பு அதிகம் என்று அப்போதுதான் ஒரு மருத்துவர் விளக்கினார். அக்கா சிரித்துக்கொண்டே, "அப்பவே வந்துட்டுப் போன விருந்தாளிதானுங்களா? ஊட்டு வழி தெரிஞ்சு மறுபடி வந்திருக்குது" என்றார். மச்சான் காலமான பின் உடம்பைக் கவனிப்பதில் பிடிப்பு விட்டுப்போனது. சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் என்று ஆனது. அங்கேயும் பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த நிலையில்தான் என் மகள் முழுகாமல் இருந்தாள். அதை அக்காவிடம் சொன்னபோது வாழ்த்துச் சொல்வதற்கு முன் அவர் கேட்டது, "சர்க்கரைத் தண்ணி குடிக்க வெச்சுப் பாத்தாங்களா?" என்பதைத்தான். உரிய மாதத்தில் பார்த்தபோது மகளுக்கும் இருந்தது. அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. சாப்பாட்டில் கட்டுப்பாடு, நடை, அடிக்கடி விரலில் குத்திப் பார்ப்பது என்று மகள் ஒழுங்காக இருந்தாள். நான்தான் எண்ணைப் பார்க்கும் முன்பே பயந்து சாவேன்.

பிரசவத்துக்கு மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்துவரும் கட்டுச்சோறு விருந்தன்று மண்டபத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வந்தவர்கள் எல்லோரும் மகள் வாயில் இனிப்பு ஊட்டப் போக, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா ஒவ்வொரு கையையும் தடுத்தார்.

"என்னுங்க இது? மாசமா இருக்கற புள்ளைக்குப் பண்டத்தைக் கண்ணுல காட்டிட்டு எடுத்துக்குவீங்களா?" என்று சம்பந்தியம்மாள் கேட்டார்.

"ஆமாங்க. எங்க ஊட்டுல அப்படித்தானுங்க. உங்களுக்கு வேணும்னா ரெண்டு சேத்தி வெக்கச் சொல்றனுங்க."

"கொழந்தை பூஞ்சையாப் பொறந்தா என்னைச் சொல்லாதீங்க."

"பூஞ்சையாப் பொறந்தா நான் தூக்கிக்கறனுங்க. யானையாப் பொறந்தா நீங்க இழுத்து எடுப்பீங்களா?"

மண்டபமே சிரித்தது. சம்பந்தியம்மாளும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கடைசி மாதத்தில் ஸ்கேனில் குழந்தையின் எடை கொஞ்சம் கூடுதலாக வந்தது. அக்கா நேராக ஆபரேஷன் செய்துவிடச் சொல்லுங்கள் என்றார். எங்கள் மகப்பேறு மருத்துவர் பொறுமையானவர். அவர் சொன்னதை உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். "ஸ்கேன் சொல்ற எடை ஒரு மதிப்புதாங்க, தராசு இல்லை. கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். எடை மட்டும் பிரசவத்தை முடிவு பண்றதும் இல்லை. அம்மாவோட இடுப்பு எலும்பு எப்படி, குழந்தை தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, வலி எவ்வளவு பலமா வருது, எல்லாம் சேரணும். பாதி விஷயம் வலி ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும். சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு, எடையும் ரொம்ப எல்லை மீறலை. அதனால முயற்சி பண்ணிப் பார்க்கலாம். ஆபரேஷனுக்கும் தயாரா இருப்போம்." இதை அக்காவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரியாத்தான் சொல்றாங்க. நான் பயத்துல சொன்னன்" என்றார்.

அக்காவுக்கு மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்த்தபோது மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. அக்கா இருந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மகளுக்குப் பார்த்த மருத்துவமனை இந்தப் பக்கம். நடுவில் பாலத்து நெரிசல். ஆட்டோவில் அந்தப் பாலத்தின்மேல் நின்றுபோகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் என்னை இழுப்பதுபோல் இருக்கும். எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த நேரத்தில் தப்பான பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். உறவில் சிலர் தொலைபேசியில் எச்சரித்தார்கள். பெரியவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ அந்த வீட்டு வாசலை மிதித்துவிட்டுப் பிரசவ அறைக்குப் போகக் கூடாது, காதில் விழுந்தாலே தீட்டு, பார்த்துக்கொள் என்றார்கள். என் நல்லதுக்காகத்தான் சொன்னார்கள்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்த அன்று அவர் ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுப் பேசினார். அவர் மகனும் கட்டிலருகே இருந்தான்.

"நான் எப்பப் போவன்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு எப்ப வலி வரும்னு அவளுக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே நாள் வந்தா நீ எந்தப் பக்கம் போவேன்னு இப்பவே சொல்லு அம்மிணி."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அக்கா."

"சொல்லு."

"உங்ககிட்டத்தான் வருவன்."

"வந்து? நான் எந்திரிச்சு உக்காந்து, வா அம்மிணி, காப்பி குடிக்கறியான்னு கேப்பனா? நீ அந்தப் பக்கம்தான் இருக்கோணும். தாயும் புள்ளையும் ஊடு வந்து சேர்ற வரைக்கும் அங்கிருந்து நவுரப்படாது. என்னைத் தூக்கறதுக்கு ஆளு இருக்குது. அங்க பேசறதுக்கு ஆளு இல்லை. ரெண்டு ஊட்டுக்காரங்களும் நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்கன்னு நிப்பாங்க. நீ மரியாதை பாக்காத."

"நான் என்னன்னு சொல்றதுங்க அக்கா? எனக்கு என்ன தெரியும்?"

"நீ ஒண்ணும் சொல்லாத. அவளைக் கேளுங்கன்னு சொல்லு. படுத்திருக்கறவளைக் கேக்கோணும். என்னை யாரும் கேக்கலை."

இவ்வளவு ஆண்டுகளில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுவே முதல் முறை. அன்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் கேட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்? பயந்து போய்க் கெடந்தன். ஒண்ணுமே சொல்லாமக்கூட இருந்திருப்பன். ஆனா கேட்டிருக்கலாமல்ல?"

மகளுக்கு ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. மருத்துவமனைக்குப் போனோம். மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் வந்துவிட்டார்கள். வலி விட்டு விட்டு வந்தது, வலுக்கவில்லை. குழந்தை முகம் மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது, அதனால் தலை இறங்க நேரமாகிறது என்று மருத்துவர் சொன்னார். மருந்து ஏற்றினார்கள். மதியம் நெருங்கும்போது என் கைபேசி அடித்தது. அக்கா மகன்.

"சின்னம்மா, அம்மா போயிட்டாங்க."

நான் நடைபாதைக் கடைசியில் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். 

"நீங்க வரவேண்டாம். சித்தப்பாவை மட்டும் அனுப்புங்க. பொழுது இறங்கறதுக்குள்ள எடுத்தரலாம்னு பேசறாங்க. நீங்க வந்தீங்கன்னா நாளைக்கு அம்மாகிட்ட நான்தான் பேச்சு வாங்கோணும்" என்றான். சொல்லிவிட்டு அவனே அழுதான்.

என் கணவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் கிளம்பினார். சம்பந்தியம்மாள், "எங்கீங்க போறாங்க?" என்றார். கடைக்கு என்றேன். அவர்களிடம் சொல்லியிருந்தால் என்னை அந்தக் கதவுக்கு அருகில் நிற்க விட்டிருக்க மாட்டார்கள். அழ முடியாது. உட்கார முடியாது. முகத்தைக் கழுவினால்கூட ஏன் என்று கேட்பார்கள். ஜன்னல் வழியே பாலம் தெரிந்தது. வண்டிகள் நகராமல் நின்றன. அதைத் தாண்டித்தான் அக்கா படுத்திருக்கிறார். எனக்குப் பின்னால் இருந்த கதவுக்கு உள்ளே மகள் படுத்திருக்கிறாள். நான் இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் கால் எடுத்து வைக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகலில் மருத்துவர் வெளியே வந்தார். தலை இறங்கவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பு இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் ஒருமுறை குறைந்து சரியானது, இன்னும் சிறிது நேரம் பார்க்கலாம் அல்லது இப்போதே ஆபரேஷன் செய்யலாம், இரண்டிலும் உள்ள நல்லது கெட்டது இது என்று விளக்கினார்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. தலைப்பிரசவம், உங்க பக்கத்து முடிவுதானுங்க."

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "இல்லீங்க, நீங்க சொல்லுங்க" என்பதுதான். சொல்லியும் விட்டேன். அவர், "அதெப்படீங்க?" என்றார். அந்த இரண்டு சொல் காதில் விழுந்ததும் ஆறிப்போன டீயும், அப்பாவின் முகமும், கதவுக்கு உள்ளிருந்து கேட்ட சத்தமும் ஒன்றாக வந்தன.

"டாக்டர், அவளைக் கேளுங்க. நான் கூட வரலாங்களா?" என்றேன்.

சம்பந்தியம்மாள் தயங்கினார். "வலியில கெடக்கற புள்ளைக்கு என்னுங்க தெரியும்?"

"தெரியாமயே இருக்கட்டுங்க. கேக்கோணுங்க" என்றேன். நான் அவர்களிடம் அப்படிக் குரலை உயர்த்திப் பேசியது அதுவே முதல் தடவை. அவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

உள்ளே மருத்துவர் அதே விளக்கத்தை மகளிடம் நிதானமாகச் சொன்னார். மகள் கேட்டாள். வலி வந்து போகும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பெரியம்மாவுக்குப் போன் பண்ணினியா? அவங்க என்ன சொல்றாங்க?"

அப்போது அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"உன்னைத்தான் கேக்கச் சொன்னாங்க கண்ணு."

மகள் மருத்துவர் பக்கம் திரும்பினாள். "பாப்பாவுக்குத் துடிப்பு இப்ப நல்லா இருக்குங்களா?" என்று மருத்துவரைக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார். "அப்ப நல்லா இருக்கறப்பவே எடுத்தருங்க மேடம்" என்றாள். அவ்வளவுதான். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பேத்தி பிறந்தாள். எடை ஸ்கேன் சொன்னதைவிடக் குறைவு. பிறகு பார்க்க வந்த ஒரு உறவுக்காரர், "இத்துனூண்டு கொழந்தைக்கா கத்தி வெச்சீங்க? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வலி தாங்கறதில்லீங்க" என்றார். எடை கூடியிருந்தால், தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருப்பார்கள். மருத்துவரிடம் இதைச் சொன்னேன். "குழந்தை அளவு இங்க காரணமே இல்லைங்க. அது வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தது, திரும்பலை. எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியறது எடை ஒண்ணுதான்" என்றார். நாங்கள் மாதக்கணக்கில் எடைக்குப் பயந்தோம். வந்தது வேறு.  இப்போதும் வெளியிடத்தில் எங்காவது கைபேசி அடித்தால் ஜன்னல் ஓரமாகப் போய்விடுகிறேன்.

பேத்தியை என் கையில் கொடுத்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் அக்காவை எடுத்திருக்கிறார்கள். குழந்தையைத் துணியில் சுற்றித் தந்த நர்ஸ், ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு நான் அழ முடிந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்த அன்றே சம்பந்தியம்மாளிடம் உண்மையைச் சொன்னேன்.  "சொல்லியிருந்தா உங்களை உள்ளே விட்டிருக்க மாட்டமுங்க. சொல்லாததே நல்லதுங்க" என்றார். பிறகு, "பண்டத்தைத் தட்டி விட்டாங்களே மகராசி" என்று அழுதார். மகளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவள் முதலில் கேட்டது, "உன்னைத்தான் கேக்கச் சொன்னாங்கன்னியே, அது அவங்க சொன்னதா, நீயாச் சொன்னதா?" அவர் சொன்னதுதான் என்றேன். அவர் சொன்ன மற்றதையும் சொன்னேன். அதன்பிறகுதான் அழுதாள்.

உறவினர்களே, அக்காவின் கடைசி ஊர்வலத்தில் நான் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவரை விட்டுவிட்டு நான் வேறு இடத்துக்குப் போகவில்லை. அவர் நிறுத்தி வைத்த இடத்தில் நின்றேன். உங்கள் வீட்டில் யாருக்காவது நாள் நெருங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைப் பாருங்கள், வயிறு பெரிதாக இருந்தால் பெருமைப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். கதவுக்கு வெளியே நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொள்வதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருத்தி இருக்கிறாள்.

அக்காவை டயாலிசிஸ் படுக்கையில் அன்பாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவர் வேலை பார்த்த செக்கிங் பிரிவில் இருந்து ஷிப்ட்டை விட்டுவிட்டு ஓடிவந்த பெண்களுக்கும், பக்கத்து லைன் வீட்டில் இருந்து வந்து பந்தல் போட்ட வடமாநிலத்துத் தம்பிகளுக்கும், என் மகளைக் கேட்டுச் செய்த மருத்துவருக்கும், சாமளாபுரம் மற்றும் கணியூர் உறவுகளுக்கும், எனக்காக அங்கே நின்ற என் கணவருக்கும், கோபப்படாத சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா மகன், அன்று தூக்க முடியாத கையைத் தொங்கவிட்டு, இன்னொரு கையால் நீர்க்குடத்தைத் தோளில் தாங்கி, யார் உதவிக்கு வந்தும் விடாமல் மூன்று சுற்றும் வந்து முடித்தானாம். காரியம் முடிந்து, மழித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியபின் என் வீட்டுக்கு வந்தான். அக்கா பிரித்துப் பார்த்துப் பாஸ் செய்து எடுத்துவைத்திருந்த, தோளில் மடிந்த கழுத்துள்ள சட்டை ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். தானே போட்டு விடுகிறேன் என்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டான். பழக்கத்தில் அவள் வலது கையைத்தான் முதலில் பிடித்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். இடது கையைப் பிடித்தான். அதையும் பிடுங்கி அவன் மூக்கில் ஒரு அடி போட்டாள். அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சின்னம்மா, இவளுக்கு எந்தக் கையை வேணும்னாலும் மொதல்ல மாட்டலாம்" என்றான்.